காக்கப்பட்ட கூரையும் கொந்தளிக்கும் வானமும்

 



நம்மில் பலருடைய இல்லங்களில் கிப்லா திசையைக் காட்டும் சிறிய காந்த ஊசிப் பெட்டி ஒன்று இருக்கும். பயணத்தில் தொழுகை நேரம் வந்துவிட்டால் அதைத் தரையில் வைத்து, ஊசி ஆடி அடங்கும்வரை காத்திருக்கிறோம். அது அசையாமல் நின்றதும் திசையைக் கணித்துக் கொள்கிறோம். ஆனால் அந்த ஊசி உண்மையில் ஒருபோதும் முற்றிலும் அசையாமல் நிற்பதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1741ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டின் உப்சாலா நகரில் ஆண்டர்ஸ் செல்சியஸ், ஓலோஃப் ஹியோர்ட்டர் என்னும் இரு அறிஞர்கள் நீண்ட காந்த ஊசி ஒன்றை இடைவிடாது கவனித்து வந்தனர். வடவானில் பச்சையும் சிவப்புமாகத் துருவ ஒளி தோன்றிய இரவுகளில், ஊசி தன் இடம்விட்டு விலகி அலைவதை அவர்கள் கண்டனர். வானில் தோன்றும் ஒளிக்கும் மேசை மேலிருக்கும் இரும்புத் துண்டுக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு முறையான விடை கிடைக்க மனிதகுலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. கிப்லாவைத் தேடும் நமக்கு அந்த அசைவு எவ்விதத் தடையும் செய்வதில்லை. அவ்வளவு நுண்ணியது அது. ஆயினும் நம் தலைக்குமேல் பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் நடைபெறும் பெருங் கொந்தளிப்பு ஒன்றின் அறிவிப்பே அது.

அந்தக் கொந்தளிப்பு யாது, அது எவ்வாறு அடங்குகிறது, ஈமான் கொண்ட நமக்கு அதில் என்ன படிப்பினை உண்டு என்பதை இங்கே சிந்திப்போம்.

கண்ணுக்குப் புலப்படாத கோட்டை

நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பாலான ஒரு பெருங்கடல் இருக்கிறது. அந்த உருகிய இரும்பின் ஓட்டமே பூமியைச் சுற்றிக் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் பூமியின் மேற்பரப்போடு முடிந்துவிடுவதில்லை. விண்வெளியில் வெகுதூரம் பரவி நிற்கிறது.

மறுபுறம், சூரியனிலிருந்து ஒளியும் வெப்பமும் மட்டும் வருவதில்லை. மின்னூட்டம் பெற்ற துகள்களின் ஓட்டம் ஒன்று இடையறாது வீசிக் கொண்டே இருக்கிறது. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். சாதாரண நாட்களில் இதன் வேகம் நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குச் செல்லும் தொலைவை ஒன்றேகால் நொடிக்குள் கடந்துவிடும் வேகம் அது!

இந்தக் காற்று பூமியின் காந்தப் புலத்தின் மீது மோதுகிறது. ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைச் சுற்றி நீர் விலகி ஓடுவதைப் போல, துகள்களில் பெரும்பகுதி பூமியைச் சுற்றி விலகிச் செல்கிறது. அவ்வாறு சூரியக் காற்றிலிருந்து ஒதுக்கப்பட்ட இடத்திற்குக் காந்தமண்டலம் என்று பெயர். 1959இல் தாமஸ் கோல்டு என்னும் விஞ்ஞானி இப்பெயரை அதற்குச் சூட்டினார். சூரியனை நோக்கிய பக்கத்தில் இதன் எல்லை பூமியிலிருந்து சுமார் 64,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்திலோ அது நீண்ட வாலாக இழுக்கப்பட்டு, சந்திரனின் பாதையையும் தாண்டிச் செல்கிறது.

இந்த மண்டலத்தை நிரப்பியிருக்கும் பொருளுக்குப் பிளாஸ்மா என்று பெயர். திடம், திரவம், வாயு என்று மூன்று நிலைகளை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். வாயுவின் அணுக்கள் உடைந்து எலெக்ட்ரான்கள் தனியாகவும் எஞ்சியவை தனியாகவும் பிரிந்து திரியும் நான்காவது நிலையே பிளாஸ்மா. சாதாரணக் காற்று காந்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. பிளாஸ்மாவோ காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்று, கம்பியில் கோத்த மணியைப் போல அவற்றோடு ஓடுகிறது. காந்தப் புலம் பிளாஸ்மாவைக் கட்டுப்படுத்துகிறது; பிளாஸ்மாவின் ஓட்டம் காந்தப் புலத்தையே வளைத்து இழுக்கிறது. ஒன்றையொன்று பிடித்திருக்கும் இந்த இரண்டுக்கும் இடையிலான சமநிலையே காந்தமண்டலத்தின் உயிர்நாடி.

நிலையின்மை என்பது யாது?

குழிந்த கிண்ணத்தின் அடியில் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அதை எந்தப் பக்கம் தள்ளினாலும் மீண்டும் அடிக்கே வந்து சேரும். இது நிலையான சமநிலை. அதே கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் முதுகின்மேல் குண்டை வைத்தால் ஒரு சிறு மூச்சுக்காற்றே போதும்; அது உருண்டு விழுந்துவிடும். சிறிய அசைவு தானாகவே பெரிதாகிக் கொண்டு போகும் இத்தகைய நிலையைத்தான் அறிவியலார் நிலையின்மை என்கின்றனர்.

காந்தமண்டலத்தில் இத்தகைய நிலையின்மைகள் பல உண்டு. அவற்றுள் மூன்றை மட்டும் இங்கே காண்போம்.

ஒன்று: எல்லையில் எழும் அலைகள்

அமைதியான கடலின்மேல் காற்று வீசும்போது அலைகள் எழுகின்றன. வேகமாக ஓடும் காற்றும் மெதுவாக அசையும் நீரும் உரசும் எல்லையில் ஒரு சிறு சுருக்கம் தோன்றினாலும் காற்று அதை ஊட்டி வளர்த்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கெல்வின் ஆகிய இருவரும் இதை விளக்கியதால் இது அவர்களுடைய பெயரால் வழங்கப்படுகிறது.

காந்தமண்டலத்தின் இருபக்க எல்லைகளிலும் இதுவே நடக்கிறது. வெளியே சூரியக் காற்று பாய்ந்தோடுகிறது. உள்ளே பிளாஸ்மா மெதுவாக அசைகிறது. எல்லை அலையாக எழுந்து, சுருண்டு, பூமியையே விழுங்கக்கூடிய அளவு பெரிய சுழல்களாகிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கிளஸ்டர் என்னும் நான்கு செயற்கைக்கோள்கள் 2001 நவம்பரில் இத்தகைய சுருண்ட சுழல்களைக் கடந்து சென்றன. அவற்றின் பதிவுகளை ஆராய்ந்த ஹிரோஷி ஹசெகவாவும் அவருடைய குழுவினரும் 2004இல் தம் முடிவை வெளியிட்டனர். அந்தச் சுழல்களின் வழியாகச் சூரியக் காற்றின் துகள்கள் எல்லையைத் தாண்டி உள்ளே கலக்கின்றன என்பது தெளிவாயிற்று. ஓட்டையே இல்லாத மதில் என்று நாம் நினைத்த எல்லையில் கசிவு உண்டு!

இரண்டு: அறுந்து இணையும் கோடுகள்

சூரியக் காற்றும் தன்னோடு ஒரு காந்தப் புலத்தைச் சுமந்து வருகிறது. பூமியின் முன்பக்க எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கி நிற்கிறது. வருகின்ற புலமும் வடக்கு நோக்கியிருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நழுவிப் போய்விடும். அது தெற்கு நோக்கியிருந்தால் எதிரெதிரான இரண்டு புலங்கள் மெல்லிய தகடு போன்ற ஒரு பகுதியில் நெருக்கப்படுகின்றன. அந்தத் தகடு கிழிகிறது. இருபுறத்துக் கோடுகளும் அறுந்து, மாற்றி இணைந்துவிடுகின்றன. பூமியின் கோடு இப்போது சூரியக் காற்றின் கோடாகிவிட்டது. கதவு திறந்துவிட்டது. 1961இல் ஜேம்ஸ் டங்கி என்னும் ஆங்கிலேய அறிஞர் இக்கருத்தை முன்வைத்தார். 2015 மார்ச்சில் ஏவப்பட்ட எம்.எம்.எஸ். என்னும் அமெரிக்காவின் நான்கு விண்கலங்கள், அதே ஆண்டு அக்டோபரில் அந்தக் கிழிசலின் நடுவிலேயே பறந்து அதை அளந்து காட்டின.

இவ்வாறு திறந்த கோடுகளைச் சூரியக் காற்று பின்புறமுள்ள வால்பகுதிக்கு இழுத்துச் சென்று குவிக்கிறது. வால் நீள்கிறது, அதில் ஆற்றல் சேர்கிறது. இழுத்த ரப்பர் வளையம் போல அது இறுகிக் கொண்டே போய், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தாங்க முடியாத நிலையை எட்டுகிறது. பின்னர் சில நிமிடங்களில் வாலின் நடுவே கோடுகள் அறுந்து இணைகின்றன. அறுந்த ஒரு பகுதி விண்வெளிக்குத் தூக்கி எறியப்படுகிறது. மற்றொரு பகுதி பூமியை நோக்கித் துள்ளித் திரும்புகிறது. அப்போது பாய்ந்து வரும் எலெக்ட்ரான்கள் துருவ வானின் காற்றில் மோதுவதால் ஒளி வெடித்துப் பரவுகிறது. செல்சியஸின் ஊசியை அசைத்தவை இதைப் போன்ற நிகழ்ச்சிகளோடு எழும் மின்னோட்டங்களே. 1964இல் ஜப்பானில் பிறந்த ஷுன்-இச்சி அகசோஃபு இதன் படிநிலைகளை ஒழுங்காக வகுத்துக் கூறினார்.

வாலில் முதலில் நிலைகுலைவது எந்த இடம் என்பது பல்லாண்டு விவாதம். 2007இல் ஏவப்பட்ட தெமிஸ் என்னும் ஐந்து கலங்கள் 2008 பிப்ரவரி 26 அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பிடித்தன. பூமியிலிருந்து 1 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால் கோடுகள் அறுந்து இணைந்தது முதலாவது; அதன்பின் இரண்டு நிமிடங்களுக்குள் ஒளி பரவியது அடுத்தது என அவை காட்டின. எல்லா நிகழ்ச்சிகளும் இதே வரிசையில்தான் நடக்கின்றனவா என்ற ஆராய்ச்சி அதன் பின்னும் தொடர்கிறது.

மூன்று: வரம்பு மீறாமல் தடுக்கும் அலைகள்

1958இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் விண்ணில் ஏறியது. அதிலிருந்த கதிர்வீச்சு அளவி ஓர் உயரத்திற்கு மேல் எதையும் காட்டாமல் மௌனமாகிவிட்டது. ஜேம்ஸ் வான் ஆலனும் அவருடைய குழுவினரும் இதன் காரணத்தைக் கண்டறிந்தனர். அங்கே துகள்கள் இல்லாததால் கருவி மௌனமாகவில்லை; எண்ண முடியாத அளவு மிகுந்திருந்ததால் அது திணறிப் போயிருந்தது! பூமியின் காந்தப் புலத்தில் சிக்கிய வேகமிக்க துகள்கள் பூமியைச் சுற்றி வளையங்களாகச் சுழல்கின்றன. இவையே வான் ஆலன் பட்டைகள்.

இந்தப் பட்டைகளில் துகள்கள் சேர்ந்துகொண்டே போனால் என்ன ஆகும்? நம் வீட்டுச் சமையலறையில் குக்கரைப் பாருங்கள். உள்ளே ஆவி மிகுந்தால் மேலேயுள்ள எடை தூக்கப்படுகிறது. விசில் சத்தத்தோடு மிகுதி வெளியேறுகிறது. எடை மீண்டும் அமர்கிறது. பட்டைகளிலும் இதைப் போன்ற ஓர் ஏற்பாடு இருக்கிறது. எலெக்ட்ரான்கள் அளவு மீறிச் சேரும்போது அவற்றின் இயக்கமே நிலையின்மையை உண்டாக்கி, ஒருவகை மின்காந்த அலைகளை எழுப்புகிறது. அவ்வலைகள் எலெக்ட்ரான்களைத் தடம் மாற்றிக் காற்றுமண்டலத்திற்குள் தள்ளிவிடுகின்றன. மிகுதி கழிந்ததும் அலைகளும் தணிகின்றன. 1966இல் கென்னல், பெட்செக் என்னும் இருவர் இந்த வரம்பைக் கணக்கிட்டுக் காட்டினர்.

அந்த அலைகளை ஒலியாக மாற்றிக் கேட்டால் ஃபஜ்ரு வேளையில் மரக்கிளைகளில் பறவைகள் கூட்டமாகக் கீச்சிடுவதைப் போலவே இருக்கிறது. ஆங்கிலேய அறிவியலாரும் அதற்கு விடியற்காலைப் பறவையொலியின் பெயரையே சூட்டியுள்ளனர். ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் இந்த அலைகளால் தள்ளப்பட்ட எலெக்ட்ரான்களே துருவ வானில் துடிதுடிக்கும் ஒளித்திட்டுகளை உண்டாக்குகின்றன என்பதை நேரடியாக அளந்தது. அம்முடிவு 2018இல் வெளியாயிற்று. அதே அலைகள் சில வேளைகளில் எலெக்ட்ரான்களை மேலும் வேகப்படுத்தவும் செய்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரே கருவி கழிக்கவும் செய்கிறது, கூட்டவும் செய்கிறது.

கூரை நடுங்கிய நாட்கள்

சூரியனில் பெரும் வெடிப்பு நேர்ந்து, பிளாஸ்மாத் திரள் ஒன்று பூமியை நோக்கி வீசப்படும்போது இந்த நிலையின்மைகள் அனைத்தும் ஒருசேரச் சீறுகின்றன. அதுவே காந்தப் புயல்.

1859 செப்டம்பரில் வீசிய புயலே இதுவரை நேரடியாக அளக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. நம் நாட்டில் பம்பாயின் கொலாபா ஆய்வகத்திலிருந்த காந்தக் கருவி, அங்குள்ள புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா அளவுக்குத் திடீரென வீழ்ந்ததைப் பதிவு செய்தது. இன்றும் உலக ஆய்வாளர்கள் அந்தப் பதிவை எடுத்துப் படிக்கின்றனர்.

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மின் கட்டமைப்பு 90 நொடிகளில் முற்றிலும் சரிந்தது. ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் கடுங்குளிரில் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர்.

2015 ஜூன் 22 அன்று நம் நீலகிரி மலையில், ஊட்டியிலுள்ள கிரேப்ஸ்-3 என்னும் அண்டக்கதிர் ஆய்வுக்கூடத்தில் சுமார் இரண்டு மணி நேரம் துகள்களின் வரவு கூடியது. புயலின்போது காந்தக் கவசம் தற்காலிகமாகத் தளர்ந்ததே இதற்குக் காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் 2016இல் விளக்கம் தந்தனர். 2022 பிப்ரவரியில் மிதமான ஒரு புயலே மேல்வளிமண்டலத்தைச் சூடாக்கி உப்பச் செய்ததால், புதிதாக ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 விழுந்து எரிந்தன. 2024 மே 10 அன்று இருபது ஆண்டுகளில் காணாத பெரும்புயல் வீசியபோது, லடாக்கின் ஹான்லே வானில் செவ்வொளி படர்ந்தது.

ஆனால் சிந்தித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கூரை நடுங்கியது, பின்னர் அடங்கியது. சேர்ந்த ஆற்றல் வாலில் அறுந்து கழிந்தது; பட்டைகளில் மிகுந்தது காற்றில் கரைந்தது. சில நாட்களில் ஊசி தன் இடத்திற்கே திரும்பிற்று. நம்மைக் காக்கும் இந்த அமைப்பு அசையாத கற்சுவரைப் போன்றதன்று. குலைந்து குலைந்து மீளும் ஆற்றலாலேயே அது நிலைத்து நிற்கிறது.

மஹ்ஃபூள் என்னும் சொல்

கண்ணியத்திற்குரியவர்களே! இந்த இடத்தில்தான் நாம் மிகுந்த பேணுதலோடு நடந்துகொள்ள வேண்டும்.

திருமறையின் 21ஆவது அத்தியாயமான ஸூரத்துல் அன்பியாவின் 32ஆவது வசனத்தில் அல்லாஹ் வானத்தைப் பாதுகாக்கப்பட்ட கூரையாக ஆக்கியிருப்பதைக் கூறி, மனிதர்களோ அதன் அத்தாட்சிகளைப் புறக்கணிக்கின்றனர் என்று கண்டிக்கிறான். நம் சொற்பொழிவுகள் சிலவற்றில் இவ்வசனத்தை ஓதிவிட்டு, "இது வான் ஆலன் பட்டையைக் குறிக்கிறது, அப்பட்டையே நம்மைக் காக்கும் கவசம்" என்று கூறிவிடுகின்றனர். கேட்பவர்களும் சுப்ஹானல்லாஹ் என்று மகிழ்கின்றனர்.

முதலில் சொல்லைக் கவனியுங்கள். குர்ஆனை நெஞ்சில் காப்பவரை ஹாஃபிள் என்கிறோம். அது காப்பவரைக் குறிக்கும். லவ்ஹுல் மஹ்ஃபூள் என்றால் பாதுகாக்கப்பட்ட பலகை. வசனத்தில் வந்துள்ள சொல் மஹ்ஃபூள். ஆக, அங்கே கூரை காப்பதாகச் சொல்லப்படவில்லை. கூரையே காக்கப்படுவதாகச் சொல்லப்பட்டுள்ளது. முற்கால விரிவுரையாளர்களும் வானம் விழுந்துவிடாமல் காக்கப்படுகிறது என்றும், ஷைத்தான்களிடமிருந்து காக்கப்படுகிறது என்றுமே இதற்குப் பொருள் உரைத்தனர்.

இரண்டாவதாக, அறிவியலைக் கவனியுங்கள். வான் ஆலன் பட்டைகள் கவசமல்ல. கதிர்வீச்சு அடைபட்டுக் கிடக்கும் இடங்கள். விண்வெளி வீரர்கள் அவற்றை விரைந்து கடக்க வேண்டியிருக்கிறது. சூரியக் காற்றை விலக்குவது காந்தப் புலம். ஆனால் எக்ஸ் கதிர்களையும் புற ஊதாக் கதிர்களையும் காந்தப் புலம் தடுப்பதே இல்லை. அவற்றைத் தடுப்பது காற்றுமண்டலம். ஒவ்வொரு சதுர மீட்டர் நிலத்தின் மேலும் சுமார் 10 டன் எடையுள்ள காற்று போர்வையாக நிற்கிறது. காந்தப் புலம் இல்லாத செவ்வாய் தன் காற்றில் பெரும்பகுதியை இழந்தது உண்மை. ஆனால் தனக்கென்று காந்தப் புலம் இல்லாத வெள்ளியோ நம்முடையதைவிட மிக அடர்ந்த காற்றோடு இருக்கிறது. ஆகவே, காந்தப் புலம் இல்லையேல் காற்றே இராது என்று பொத்தாம் பொதுவாக உரைப்பதும் சரியாகாது.

மிகைக் கூற்றால் வரும் இழப்பு

"நல்ல நோக்கத்தோடுதானே சொல்கிறார்கள், இதில் என்ன தீங்கு?" என்று கேட்கலாம். தீங்கு பெரியது. நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் மிம்பரிலிருந்து இதைக் கேட்டு மனத்தில் பதித்துக் கொள்கிறான் என்று வையுங்கள். கல்லூரிக்குச் செல்கிறான். அந்தப் பட்டை கவசமல்ல, கதிர்வீச்சுக் கிடங்கு என்று ஆசிரியர் விளக்குகிறார். அவன் மனத்தில் என்ன எழும்? சொற்பொழிவாளர் தவறிவிட்டார் என்று எண்ணினால் நல்லது. வேதமே தவறிவிட்டதோ என்று ஒரு கணம் எண்ணிவிட்டால்? வேதம் சொல்லாத ஒன்றை வேதத்தின் பெயரால் சொன்னவர் அந்த ஐயத்திற்குப் பொறுப்பாளி ஆகமாட்டாரா? தனக்கு அறிவில்லாததைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவி, பார்வை, இதயம் அனைத்தும் விசாரிக்கப்படும் என்றும் ஸூரா பனீ இஸ்ராயீலின் 36ஆவது வசனம் நம்மை எச்சரிக்கவில்லையா?

நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்களின் வாழ்விலிருந்தே இதற்கு வழிகாட்டல் உண்டு. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு அன்னாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் சிறு வயதிலேயே மரணமடைந்தார். அன்றைய தினம் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். நபித்துவத்திற்கு இதைவிடப் பெரிய விளம்பரம் வேறென்ன வேண்டும்? பொய்த் தூதர் ஒருவராக இருந்திருந்தால் மௌனமாக இருந்திருப்பார். ஆனால் நபி (ஸல்) அவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு என்றும், எவருடைய மரணத்திற்காகவும் பிறப்பிற்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். தொழுகைக்கும் துஆவிற்கும் அழைத்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. மகனை இழந்த துயரத்தின் நடுவிலும், தமக்குச் சாதகமான ஒரு தவறான கருத்தை அன்னார் ஏற்கவில்லை! நாமோ அன்னாரின் மார்க்கத்திற்கு ஆதரவு என்று எண்ணிக்கொண்டு உறுதியற்ற செய்திகளைச் சுமந்து திரியலாமா?

அறிவுலகிலும் இத்தகைய நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சூரியக் காற்று என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் என்னும் இளம் அமெரிக்க விஞ்ஞானி எழுதினார். கட்டுரையைப் பரிசீலித்த வல்லுநர்கள் அதை வெளியிடத் தகாதது என்று ஒதுக்கினர். அந்த ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை. ஆயினும் கணக்கில் பிழை ஏதும் காணப்படாததால், தம் விருப்பு வெறுப்பை ஒதுக்கிவிட்டு அதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் விண்கலங்கள் சூரியக் காற்றை நேரில் அளந்து பார்க்கர் சொன்னது சரியே என்று காட்டின. தனக்குப் பிடிக்காததாயினும் உண்மைக்கு வழிவிடும் இந்தப் பண்பு, முஃமின்களாகிய நம்மிடம் அல்லவா முதலில் இருக்க வேண்டும்?

மீஸான் நமக்குக் கற்பிப்பது

அப்படியானால் இந்தக் காந்தமண்டலத்தில் நமக்கு அத்தாட்சி ஏதுமில்லையா? நிச்சயமாக உண்டு. ஒரு வசனத்தை அதன்மீது ஒட்டவைத்துத்தான் அதை அத்தாட்சி ஆக்க வேண்டும் என்பதில்லை. படைப்பினங்கள் அனைத்துமே அவனுடைய அத்தாட்சிகள்தாம். நின்றும் இருந்தும் படுத்தும் அல்லாஹ்வை நினைவுகூர்ந்து, வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திப்போரை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 191ஆவது வசனம் புகழ்கிறது. அங்கே கேட்கப்படுவது சிந்தனை. அவசர முடிவு அன்று.

ஸூரத்துர் ரஹ்மானில் வானத்தை உயர்த்தியதைக் கூறிய உடனேயே அல்லாஹ் மீஸானை, அதாவது தராசை அமைத்ததைக் கூறுகிறான்; அளவில் வரம்பு மீறாதீர்கள் என்று நமக்குக் கட்டளையிடுகிறான். தராசின் தட்டுகள் அசையத்தான் செய்யும். அசைந்து அசைந்தே அது நேர்நிலைக்கு வருகிறது. காந்தமண்டலத்தைச் சிந்திக்கும்போது இந்த உவமையே நம் உள்ளத்தில் நிறைகிறது. அங்கே மிகுதியாகச் சேர்ந்த எதுவும் நெடுநாள் தங்குவதில்லை, கழிக்கப்படுகிறது. நம்மிடம் மிகுதியாகச் சேர்வது எது? செல்வம் சேர்கிறது, ஜகாத்தாகவும் ஸதகாவாகவும் அது கழிகிறதா? கோபம் சேர்கிறது, பொறுமையாலும் உளூவாலும் அது தணிகிறதா? உறவினர் மீது மனக்கசப்பு சேர்கிறது. அறுந்த உறவு மீண்டும் இணைகிறதா? கழிக்கப்படாமல் சேர்ந்துகொண்டே போவது ஒருநாள் உடைத்துக் கொண்டுதான் வெளியேறும்.

நம் பிள்ளைகளுக்கு

பெற்றோர்களே! இத்தகைய கல்வியை நம் பிள்ளைகளுக்கு எட்டாத ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம், 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் இடத்தை அடைந்தது. சூரியனை உற்றுநோக்குவதோடு, சூரியக் காற்றையும் அதன் காந்தப் புலத்தையும் அவை பூமியை எட்டுமுன்பே அளக்கும் கருவிகள் அதில் உள்ளன. அந்தத் திட்டத்தை இயக்குநராக இருந்து நடத்தியவர் நம் செங்கோட்டையில் பிறந்த முஸ்லிம் பெண்மணியான நிகர் ஷாஜி அவர்கள். திருநெல்வேலியில் பொறியியல் பயின்றவர் அவர். நம் வீட்டுப் பெண்பிள்ளை அறிவியல் பாடத்தை விரும்பிக் கேட்கும்போது, "உனக்கு எதற்கு அது?" என்று சொல்வதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி, பயணத்தில் கிப்லாவைத் தேடி அந்தச் சிறு ஊசியைப் பார்க்கும்போது, பிள்ளையை அருகில் அழைத்து, அது ஏன் ஆடுகிறது என்று எடுத்துச் சொல்லுங்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவே சொல்லுங்கள். தெரியாததைக் கேட்டால் "அல்லாஹு அஃலம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். அந்த ஒரு சொல்லே பிள்ளையின் ஈமானையும் அறிவையும் ஒருசேரக் காக்கும்.

யா அல்லாஹ்! எங்களுக்குப் பயனளிக்கும் கல்வியைத் தந்தருள்வாயாக! உன்னுடைய அத்தாட்சிகளைப் புறக்கணிப்போராகவும், அவற்றின் பெயரால் உறுதியற்றதை உரைப்போராகவும் எங்களை ஆக்கிவிடாதே! எங்கள் உள்ளங்களில் சேரும் மிகுதிகளைக் கழித்து, நேர்நிலையில் எங்களை நிலைநிறுத்துவாயாக! வானங்களும் பூமியும் நிலைபெயராமல் தாங்கி நிற்கும் நீயே எங்கள் பிள்ளைகளின் ஈமானையும் காத்தருள்வாயாக! ஆமீன்.